முகப்பில் மடிக்கணினி, இரண்டாங்கட்டில் கொலு: யூஎஸ்பி வழியே சர்வோ மோட்டார்களை ஓட்டுவது எப்படி?

கேள்வி சுருக்கமாக இது. காரைக்குடியில் பழைய வீடு. நவராத்திரிக் கொலுவுக்கு ஒரு செட்டிநாட்டு வீட்டின் மாதிரி செய்கிறார்கள். நிலைக்கதவின் இரண்டு பலகைகளும் திறக்க வேண்டும், வளவில் (நடு முற்றத்தில்) ஊஞ்சல் ஆட வேண்டும், ஆச்சி பொம்மை கோலம் போடக் கை அசைக்க வேண்டும், யானை தும்பிக்கையைத் தூக்க வேண்டும், பல்லக்கு ஏறி இறங்க வேண்டும். கதவுப் பலகை இரண்டு, ஊஞ்சல், ஆச்சி ஆகிய நான்குக்கும் எஸ்ஜி90 சர்வோ (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சிறு மோட்டார்), யானைக்கும் பல்லக்குக்கும் அதைவிட வலுவான எம்ஜி996ஆர். ஆறுக்கும் மின்சாரம் ஆர்டுயினோ ஊனோ என்ற, நிரல் ஏற்றி ஓட்டும் சிறு போர்டின் 5 வோல்ட் முனையிலிருந்தே போகிறது. ஒன்று மட்டும் அசைந்தால் சரியாக இருக்கிறது. இரண்டாவது அசைந்ததும் எல்லாம் நடுங்குகிறது, கணினியில் சத்தம் வந்து போர்ட் காணாமல் போகிறது. கூடவே இன்னொரு கேள்வி: கணினியிலிருந்து யூஎஸ்பியில் நேராகச் சர்வோவை ஓட்ட முடியாதா, நடுவில் போர்டு எதற்கு?

பின்னதிலிருந்து தொடங்குகிறேன். அது புரிந்தால் முன்னதில் பாதி தானாகத் தீரும்.

சர்வோவுக்கு மூன்று கம்பி. எஸ்ஜி90-இல் பழுப்பு கிரவுண்ட், சிவப்பு மின்சாரம், ஆரஞ்சு சிக்னல். அந்த ஆரஞ்சுக் கம்பியில் ஏறத்தாழ 20 மில்லிவிநாடிக்கு ஒருமுறை ஒரு பல்ஸ் வர வேண்டும். பல்ஸ் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதுதான் செய்தி: 1500 மைக்ரோவிநாடி என்றால் நடு, 1000 என்றால் ஒரு பக்கம், 2000 என்றால் மறுபக்கம். இந்த 1000 மைக்ரோவிநாடிக்குள் சுமார் 90 பாகை அடங்குகிறது. அதாவது ஒரு பாகைக்கு 11 மைக்ரோவிநாடி. சர்வோவின் உள்ளே ஒரு சிறிய டிசி மோட்டார், பல்சக்கரங்கள், அச்சோடு சேர்ந்து திரும்பி அதன் இடத்தைக் காட்டும் ஒரு பொட்டென்ஷியோமீட்டர் (மாறும் மின்தடை). வரும் பல்ஸையும் பொட்டென்ஷியோமீட்டர் காட்டும் இடத்தையும் உள்ளிருக்கும் சிப் ஒப்பிட்டு, வித்தியாசம் தீரும்வரை மோட்டாரைத் திருப்பும்.

யூஎஸ்பியால் இந்தப் பல்ஸைத் தர முடியாது. யூஎஸ்பி பொட்டலம் பொட்டலமாகத் தரவு அனுப்பும் முறை. ‘ஃபுல் ஸ்பீடு’ என்ற யூஎஸ்பி வேகத்தில் ஒரு ஃபிரேமே (ஒரு சுற்றே) 1 மில்லிவிநாடி. சர்வோவின் முழு வீச்சும் அந்த ஒரு மில்லிவிநாடிக்குள் முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் விண்டோஸோ லினக்ஸோ நடுவில் வேறு வேலைக்குத் தாவினால் பத்து மில்லிவிநாடி போனதே தெரியாது. ஆகவே “யானை, 1800” என்று கணினி சொன்னால் போதும். அந்த 1800-ஐ விநாடிக்கு ஐம்பது முறை பிசகாமல் அடித்துக்கொண்டிருப்பது போர்டின் வேலை. மோட்டாருக்கு வேண்டிய ஆம்பியரைத் தருவது இந்த இரண்டின் வேலையும் இல்லை. உங்கள் கொலு நடுங்குவது அதனால்தான்.

கணக்கைப் பாருங்கள். யூஎஸ்பி 2.0 போர்ட் தரும் அளவு 500 மில்லி ஆம்பியர், 3.0 என்றால் 900. ஊனோவில் யூஎஸ்பி வழியில் 500 மில்லி ஆம்பியர் பாலிஃபியூஸ் (மிஞ்சினால் தடுத்து, ஆறியதும் தானே மீளும் ஃபியூஸ்) ஒன்றும் இருக்கிறது. ஒரு எஸ்ஜி90 முட்டி நின்றால் சுமார் 0.7 ஆம்பியர் இழுக்கும், எம்ஜி996ஆர் 2.5 ஆம்பியர். முட்டி நிற்க வேண்டும் என்றுகூட இல்லை, நின்ற மோட்டார் கிளம்பும் அந்தக் கணத்திலும் கிட்டத்தட்ட அவ்வளவு இழுக்கும். ஆறும் ஒன்றாகக் கிளம்பினால் 4 × 0.7, 2 × 2.5, மொத்தம் 7.8 ஆம்பியர். 5 வோல்ட் சட்டென்று கீழே விழுகிறது, ஊனோவில் இருக்கும் சிப்புகள் மறுதொடக்கம் ஆகின்றன, கணினி “யாரோ கேபிளைப் பிடுங்கிவிட்டார்கள்” என்று நினைத்துக்கொள்கிறது. போர்டு பழுதில்லை, நிரலிலும் தவறில்லை.

வாங்க வேண்டியது 5 வோல்ட் 10 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ், அதாவது வீட்டு மின்சாரத்தை 5 வோல்ட்டாக மாற்றித் தரும் பெட்டி. எல்இடி பட்டைகளுக்கு விற்கும் துளைபோட்ட உலோகப் பெட்டிதான். 9 வோல்ட் சதுர பேட்டரி இதற்கு ஆகவே ஆகாது. 12 வோல்ட் அடாப்டரை ஊனோவின் வட்டத் துளையில் சொருகி அதன் 5 வோல்ட் முனையிலிருந்து எடுப்பதும் ஆகாது: ஒரு ஆம்பியர் எடுத்தாலே 12-ஐ 5 வோல்ட்டாகக் குறைக்கும் போர்டின் ரெகுலேட்டரில் 7 வாட் சூடு, அது உடனே அணைந்துவிடும்.

இணைப்பு இப்படி இருக்கட்டும். எஸ்எம்பிஎஸ்-இன் பிளஸ், ஆறு சர்வோவின் சிவப்புக்கும். மைனஸ், ஆறு பழுப்புக்கும். அதே மைனஸிலிருந்து ஒரு கம்பி ஊனோவின் கிரவுண்டுக்கு. இந்த ஒரு கம்பியைத்தான் பலரும் மறக்கிறார்கள். அது இல்லாவிட்டால் சிக்னலை எதோடு ஒப்பிட்டு அளப்பது என்று சர்வோவுக்குத் தெரியாது, தன்னிஷ்டத்துக்குத் துள்ளும். எஸ்எம்பிஎஸ்-இன் பிளஸை மட்டும் ஊனோவின் 5 வோல்ட் முனையில் இணைக்காதீர்கள். யூஎஸ்பியும் சொருகியிருக்கும்போது இரண்டு மின்மூலங்கள் ஒன்றோடொன்று மோதும். மின்சாரம் மடிக்கணினிக்குள் திரும்பிப் போகவும் வழி உண்டு. ஊனோவுக்கு யூஎஸ்பி கொடுப்பதே போதும்.

மின்சாரத்தைப் பிரெட்போர்டு (கம்பிகளைச் சொருகிச் சோதிக்கும் துளைப் பலகை) வழியாகக் கொண்டுபோகாதீர்கள். அதன் பற்றுகள் ஒரு ஆம்பியர் அளவுக்குத்தான் தாங்கும். எம்ஜி996ஆர் இரண்டு ஓடினால் பிளாஸ்டிக் இளகும். திருகாணி வைத்த டெர்மினல் கட்டை எந்த எலெக்ட்ரிக்கல் கடையிலும் கிடைக்கும். அதில் பிரித்து, சர்வோக்களுக்கு மிக அருகில் பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் குறுக்கே ஒரு 1000 மைக்ரோஃபாரட், 16 வோல்ட் கெப்பாசிட்டர். கோடு போட்ட பக்கம் மைனஸ். மாற்றிப் போட்டால் வெடிக்கும். கொலுவில் வாணவேடிக்கை கேட்கவில்லையே.

எஸ்எம்பிஎஸ் எங்கே இருக்க வேண்டும்? கொலுப் படிக்குப் பின்னால், சர்வோக்களின் பக்கத்தில். தூரத்தில் வைத்து நீளக் கம்பி இழுத்தால் என்ன ஆகும் என்றால், 0.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி 5 மீட்டர் இழுத்தால் போக வர 10 மீட்டர், மின்தடை சுமார் 0.34 ஓம். 3 ஆம்பியர் ஓடும்போது 1 வோல்ட் வழியிலேயே போய்விடும். சர்வோவுக்கு வருவது 4 வோல்ட். எஸ்ஜி90 கேட்பதே குறைந்தது 4.8. அதே தூரத்துக்கு 1.5 சதுர மி.மீ. போட்டால் இழப்பு மூன்றில் ஒரு பங்காகிவிடும். எஸ்எம்பிஎஸ்-இல் மின்னழுத்தத்தைச் சற்றே கூட்டக் குறைக்க ஒரு சிறு திருகு உண்டு. மீட்டர் வைத்து, சர்வோ முனையில் 5.2 வரும்படி திருப்பலாம்.

பழைய வீடு என்பதால் ஒரு எச்சரிக்கை. செட்டிநாட்டு வீடுகள் பலவற்றில் சில கட்டுகளில் இன்னும் இரண்டு துளை பிளக்குதான், எர்த் இல்லை. எர்த் இல்லாத இடத்தில் எஸ்எம்பிஎஸ்-இன் உலோகப் பெட்டியைத் தொட்டால் சுருக்கென்று இருக்கும். உள்ளே இருக்கும் வடிகட்டிக் கெப்பாசிட்டர்களின் கசிவு அது. அளவு சிறிதுதான், ஆனால் யூஎஸ்பியைச் சொருகும் கணத்தில் மடிக்கணினியின் போர்ட் வழியாக அது இறங்கினால் போர்ட் போய்விடலாம். எஸ்எம்பிஎஸ்-இன் எர்த் திருகை மூன்று துளை உள்ள, எர்த் சரியாக இருக்கிற பாயிண்டோடு இணையுங்கள். எல்லாக் கம்பிகளும் மாட்டிய பிறகே பிளக்கைச் சொருகுங்கள். எர்த்துக்கு வழியே இல்லையென்றால் எலெக்ட்ரீஷியனை அழைத்து ஒரு பாயிண்டுக்காவது எர்த் இழுக்கச் சொல்லுங்கள். குழந்தைகள் வந்து தொடும் இடம் அது. கூடுதல் காப்புக்கு ஏடியுஎம்3160 சிப் வைத்த யூஎஸ்பி ஐசொலேட்டர் (தரவை மட்டும் விட்டு மின்தொடர்பைத் துண்டிப்பது) கிடைக்கிறது. ஃபுல் ஸ்பீடு வரை போகும், இந்த வேலைக்குத் தாராளம். ஆனால் எர்த்துக்கு அது மாற்று இல்லை.

இனித் தூரம். ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் கொல்லை வாசல் என்று நீளும் வீட்டில் மடிக்கணினி முகப்பில், கொலு இரண்டாங்கட்டில் என்றால் நடுவே வளவு முழுக்கக் கடக்க வேண்டும், 25 மீட்டர் இருக்கலாம். யூஎஸ்பி 2.0 கேபிளின் எல்லை 5 மீட்டர். இரண்டு மூன்று சாதா நீட்டிப்புக் கேபிளைக் கோத்தால் சில நாள் வேலை செய்யும், விருந்தாளி வந்த அன்று நின்றுவிடும். சர்வோவின் சிக்னல் கம்பியை அவ்வளவு தூரம் நீட்டுவது அதைவிட மோசம்: பக்கத்தில் ஓடும் மின்விசிறி ஒயரின் இரைச்சலெல்லாம் பல்ஸில் ஏறும்.

எளிய வழி, மடிக்கணினியைக் கொலுவுக்குப் பின்னால் வைத்துவிடுவது. முகப்பிலிருந்துதான் இயக்க வேண்டும் என்றால் ஆர்எஸ்-485, நீண்ட தூரத்துக்குச் சீரியல் தரவு அனுப்பும் முறை. மடிக்கணினியில் ஒரு யூஎஸ்பி–ஆர்எஸ்-485 டாங்கிள், கொலுப் பக்கம் அந்தச் சிக்னலை ஊனோவுக்கு மாற்றித் தரும் ஒரு மேக்ஸ்485 மாட்யூல், நடுவில் கேட்5 நெட்வொர்க் கேபிள். அந்தக் கேபிளில் முறுக்கிய ஒரு ஜோடி ஏ, பி முனைகளுக்கு, வேறொரு கம்பி கிரவுண்டுக்கு. ஏ-வுக்கு ஏ, பி-க்கு பி. மாறினால் குப்பை எழுத்துகள் வரும், எதுவும் எரியாது, திருப்பிப் போட்டால் சரி. இரண்டு முனையிலும் 120 ஓம் மின்தடை. பல மாட்யூல்களில் அது ஏற்கெனவே இருக்கும். செய்தி ஒரு பக்கம் மட்டுமே போகிறது என்பதால் அனுப்பவா கேட்கவா என்று தீர்மானிக்கும் மேக்ஸ்485-இன் டிஈ, ஆர்ஈ முனைகள் இரண்டையும் கிரவுண்டில் கட்டிவிடலாம். அது எப்போதும் கேட்டுக்கொண்டே இருக்கும். அதன் ஆர்ஓ முனை ஊனோவின் 0-ஆம் பின்னுக்கு. நிரல் ஏற்றும்போது மட்டும் அந்தக் கம்பியைக் கழற்றி வையுங்கள். இந்த அமைப்பில் ஊனோவுக்கும் மேக்ஸ்485-க்கும் தனியாக ஒரு கைப்பேசி சார்ஜரிலிருந்து 5 வோல்ட் கொடுக்கலாம். கிரவுண்ட் மட்டும் பொது. ஆர்எஸ்-485 ஆயிரம் மீட்டரைத் தாண்டிப் போகக்கூடியது. உங்கள் வீடு எவ்வளவு பெரிதானாலும் அதற்குள் அடங்கும்.

போர்டு எது என்பதில் அவரவருக்கு ஒரு கட்சி உண்டு. கையில் ஊனோ இருக்கிறது, ஆறு சர்வோதான், அதுவே போதும். அதன் சர்வோ லைப்ரரி 12 வரை தாங்கும். அதைப் பயன்படுத்தும்போது 9, 10 பின்களில் அனலாக்ரைட் (எல்இடி வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பது போன்றவற்றுக்கான கட்டளை) வேலை செய்யாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். கொலுவில் டபிள்யூஎஸ்2812 வகை வண்ண எல்இடி பட்டையையும் அதே ஊனோவில் மாட்டும் எண்ணம் இருந்தால் வேண்டாம். ஒரு எல்இடிக்குத் தரவு அனுப்ப 30 மைக்ரோவிநாடி. 60 எல்இடிக்கு 1.8 மில்லிவிநாடி. அவ்வளவு நேரமும் இன்டரப்டுகள் (அவசர வேலைக்குச் சிப்பை இடைமறித்து அழைக்கும் சிக்னல்கள்) நிறுத்தப்படும். சர்வோ பல்ஸ் அந்த இடைவெளியில் சிக்கினால் நீண்டுவிடும், சர்வோ துடிக்கும். வந்துகொண்டிருக்கும் சீரியல் எழுத்துகளும் தொலையும். பட்டைக்கு வேறொரு போர்டு வையுங்கள், அல்லது பல்ஸை வன்பொருளே தரும் ஒன்றுக்கு மாறுங்கள். ராஸ்பெரி பை பிக்கோ என்ற சிறு போர்டில் 16 பிடபிள்யூஎம் (பல்ஸ் தரும்) வெளியீடு உண்டு, யூஎஸ்பியும் சிப்பிலேயே இருக்கிறது; இன்று புதிதாக வாங்குவதாக இருந்தால் நான் அதைத்தான் சொல்வேன். ஊனோவோடு சேர்த்து மாட்டும் பிசிஏ9685 என்ற பல்ஸ் பலகையும் நல்லதுதான்: 16 வெளியீடு, 20 மில்லிவிநாடியை 4096 துண்டாக்கும், ஒரு துண்டு 4.88 மைக்ரோவிநாடி, நடு நிலைக்கு 307 துண்டு. ஆனால் அதன் உள் கடிகாரம் 25 மெகாஹெர்ட்ஸ் என்று எழுதியிருப்பதிலிருந்து பலகைக்குப் பலகை விலகும். 1500 என்று நினைத்து அனுப்புவது 1400 ஆகியிருக்கலாம்.

போர்டுக்கு நிரலே எழுத விருப்பமில்லை என்றால் பொலொலு மேஸ்ட்ரோ என்ற ஆயத்தச் சர்வோ போர்டு. யூஎஸ்பியில் சொருகி, நேராகப் பைட் அனுப்பலாம், ஆனால் ஊனோ நகலைவிட விலை மிக அதிகம். ஒரு சர்வோவை நகர்த்த நான்கு பைட்: 132, சேனல் எண், பிறகு இலக்கின் கீழ் ஏழு பிட், மேல் ஏழு பிட். இலக்கு கால் மைக்ரோவிநாடி அலகில். 1500 என்றால் 6000. அதை 128-ஆல் வகுத்தால் ஈவு 46, மீதி 112. ஆக 0-ஆம் சேனலுக்கு 132, 0, 112, 46. வேகத்துக்கு 135: 135, 0, 20, 0 என்று அனுப்பினால் 10 மில்லிவிநாடிக்கு 5 மைக்ரோவிநாடி நகரும், 1000-இலிருந்து 2000 போக இரண்டு விநாடி. எல்லோரும் விழும் குழிகள் இரண்டு. வரும்போதே அது ‘யூஏஆர்டி’ முறையில் (கட்டளையைச் சீரியல் பின்னில் எதிர்பார்க்கும் முறை) இருக்கும். அதன் கட்டுப்பாட்டு மென்பொருளில் ‘யூஎஸ்பி டூயல் போர்ட்’ என்று மாற்றாதவரை நீங்கள் அனுப்பும் பைட்டுகள் சர்வோவை அசைக்காது. இன்னொன்று, ஆரம்ப எல்லை 992 முதல் 2000 வரைதான். அதற்கு வெளியே கேட்டால் போகாது.

ஊனோ நிரல் சிறியது. கணினியிலிருந்து ஒரு வரி: சர்வோ எண், காற்புள்ளி, மைக்ரோவிநாடி, வரி முடிவு. ‘3,1800’ என்பது போல. பாகையில் அனுப்பாதீர்கள். லைப்ரரி 0 பாகையை 544 ஆகவும் 180 பாகையை 2400 ஆகவும் எடுத்துக்கொள்ளும். பல மலிவு சர்வோக்கள் அந்த முனைகளுக்கு முன்பே உள்தடுப்பில் முட்டி நிற்கும், ர்ர்ர் என்று முனகி, சூடாகி, கருகும். ‘ரைட்மைக்ரோசெகண்ட்ஸ்’ பயன்படுத்துங்கள், ஒவ்வொரு சர்வோவுக்கும் தன் எல்லையைப் போர்டிலேயே எழுதி வையுங்கள். கணினி நிரலில் ஒரு பூஜ்யம் கூடிப்போனாலும் யானையின் தும்பிக்கை முறியாது. எல்லையைக் கண்டுபிடிக்க, பொம்மையைக் கழற்றிவிட்டு 1500-இல் தொடங்கி 10 பத்தாக ஏற்றுங்கள். முனகல் தொடங்கிய இடத்திலிருந்து 50 பின்வாங்கி அதைக் குறித்துக்கொள்ளுங்கள். சர்வோவோடு வரும் பிளாஸ்டிக் கையை அச்சில் மாட்டுவது அதன் பிறகு, சர்வோ 1500-இல் நிற்கும்போது.

சீரியல் வேகம் விநாடிக்கு 115200 பிட் போதும். ஒரு எழுத்துக்குச் சுமார் 87 மைக்ரோவிநாடி, ஒரு வரி ஏழு எழுத்து என்றால் 0.6 மில்லிவிநாடி, ஆறு சர்வோவுக்கும் 4 மில்லிவிநாடிக்குள் முடியும். 20 மில்லிவிநாடிக்கு ஒருமுறைக்கு மேல் அனுப்பிப் பயனில்லை. சர்வோ அடுத்த பல்ஸ் வரும்வரை பார்க்காது. எஸ்ஜி90 சுமார் 10 மைக்ரோவிநாடிக்குக் குறைவான மாற்றத்தைக் கண்டுகொள்ளவும் செய்யாது.

கணினிப் பக்கம் பைத்தானும், அதில் சீரியல் போர்ட்டைக் கையாளும் பைசீரியல் லைப்ரரியும். இங்கே முக்கியமான ஒன்று: போர்ட்டைத் திறந்த கணமே ஊனோ மறுதொடக்கம் ஆகும். திறந்து இரண்டு விநாடி காத்திருந்து பிறகு அனுப்புங்கள். ஒவ்வொரு கட்டளைக்கும் திறந்து மூடும் நிரல் எழுதினால் ஒவ்வொரு முறையும் கொலு முழுக்கத் துள்ளும். மாலையில் ஒருமுறை திறந்து, இரவு மூடினால் போதும். போர்டு நிரலில் ‘அட்டாச்’ (சர்வோவைப் பின்னோடு இணைத்துப் பல்ஸைத் தொடங்கும் கட்டளை) செய்வதற்கு முன்பே தொடக்க நிலையை எழுதிவிடுங்கள். இல்லையென்றால் கிளம்பியதும் எல்லாச் சர்வோவும் நடுவுக்குப் பாயும்.

போர்ட்டே தெரியவில்லையா? முதலில் கேபிளை மாற்றுங்கள். கைப்பேசியோடு வந்த சில கேபிள்களில் சார்ஜ் கம்பி மட்டும் இருக்கும், தரவுக் கம்பி இருக்காது. நகல் ஊனோக்களில் யூஎஸ்பியைச் சீரியலாக மாற்றுவது சிஎச்340 சிப். விண்டோஸில் அதற்கு டிரைவர் வேண்டியிருக்கலாம். லினக்ஸில் அனுமதி மறுக்கப்பட்டால் உங்கள் பயனரைச் சீரியல் போர்ட்டைத் திறக்க அனுமதி உள்ள ‘டயல்அவுட்’ குழுவில் சேர்த்து, வெளியேறி மீண்டும் நுழையுங்கள். உபுண்டு 22.04-இல் சிஎச்340 சொருகியதும் போர்ட் வந்து உடனே மறைந்தால் குற்றவாளி ‘பிஆர்எல்டிடிஒய்’ என்ற பிரெய்ல் திரை மென்பொருள்: போர்டைப் பிரெய்ல் கருவி என்று எண்ணிப் பிடித்துக்கொள்கிறது. பிரெய்ல் திரை பயன்படுத்தாதவர் அதை நீக்கிவிடலாம்.

அசைவு அழகாக வருவது தனி வேலை. கதவின் இரண்டு பலகைக்கும் இரண்டு சர்வோ எதிரெதிராக நிற்கும். ஒன்றுக்கு எண்ணைக் கணக்கிட்டு, மற்றதற்கு 3000-இலிருந்து அதைக் கழித்து அனுப்பினால் சேர்ந்தே திறக்கும். ஒரே பாய்ச்சலாக 1000-இலிருந்து 2000 கொடுத்தால் எஸ்ஜி90 கண்ணிமைப்பதற்குள் போய் அறையும். 20 மில்லிவிநாடிக்கு 10 மைக்ரோவிநாடி என்று நகர்த்தினால் இரண்டு விநாடியில் தேக்குக் கதவு திறப்பதுபோல் இருக்கும். தொடக்கத்திலும் முடிவிலும் படியைச் சிறிதாக்கினால் இன்னும் நன்று. யானையையும் பல்லக்கையும் 200 மில்லிவிநாடி இடைவெளி விட்டுக் கிளப்புங்கள், எஸ்எம்பிஎஸ்ஸுக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும்.

தும்பிக்கைக்கு எம்ஜி996ஆர் எடுத்தது சரியே. 200 கிராம் எடை, அச்சிலிருந்து அதன் நடுப்புள்ளி 7 செ.மீ. என்றால் 1.4 கிலோ-செ.மீ. வேண்டும். எஸ்ஜி90-இன் உச்சமே 1.8, உச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தொடர்ந்து கேட்கக் கூடாது.

ஊஞ்சலைச் சர்வோவால் இழுத்து ஆட்டாதீர்கள், பொம்மலாட்டம் மாதிரி இருக்கும். சங்கிலி தொங்கும் கம்பியைச் சர்வோவில் மாட்டி, 1450-க்கும் 1550-க்கும் இடையே மட்டும் அசையுங்கள். சங்கிலி 15 செ.மீ. என்றால் அதன் இயல்பான ஆட்டத்துக்கு 0.78 விநாடி, அதாவது 20 மில்லிவிநாடிப் படிகள் 39-க்கு ஒருமுறை போய் வந்தால் ஊஞ்சல் தானே ஏந்திக்கொண்டு ஆடும். தாளம் கொஞ்சம் தப்பினால் தடுமாறும், 38, 40 என்று மாற்றிப் பாருங்கள். (தலையாட்டிப் பொம்மைக்கும் சர்வோ வைக்கலாமா என்று யாராவது கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தஞ்சாவூர்க்காரர்கள் அதை அடியில் கனம் வைத்தே முடித்துவிட்டார்கள்.)

கணினி உறைந்து செய்தி நின்றுபோனால் என்ன செய்வது என்பதையும் போர்டிலேயே எழுதுங்கள்: ஐந்து விநாடி ஒன்றும் வரவில்லை என்றால் தும்பிக்கையும் பல்லக்கும் மெதுவாக இறங்கி, இறங்கிய பிறகு ‘டிடாச்’ (பல்ஸை நிறுத்தும் கட்டளை). தூக்கிய நிலையிலேயே டிடாச் செய்தால் பல்லக்கு பொத்தென்று விழும். போடும்போது முதலில் யூஎஸ்பி, போர்டு நிலைகொண்டபின் எஸ்எம்பிஎஸ் சுவிட்ச்; அணைக்கும்போது எல்லாம் இறங்கியதும் எஸ்எம்பிஎஸ், கடைசியில் யூஎஸ்பி. மடிக்கணினியின் தூக்க நிலையையும் அந்த ஒன்பது நாளுக்கு அணைத்து வையுங்கள்.